அகஸ்டாவின் வயது

ஓவனுக்குள் அகஸ்டா இருந்தது மார்ஜரிக்குத் தெரியாது. ஆட்டுத்தொடை சுடுவதற்காக ஓவனை மூட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தால் வீடெல்லாம் கருகல் வாசம்.

"ஐயோ, கொன்னுட்டியே!" என்று அலறிய அவள் கணவர் அலிஸ்டர், ஜாடியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். சுட்டதும் சட்டென்று கீழே வைத்தார்.

அகஸ்டா என்பது ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் தாய்மாவு. ஆஸ்திரேலியாவின் காசில்மெய்ன் ஊரில் ஜூலை மாதக் குளிருக்கு மனிதர்களுக்கு இரண்டு கம்பளிச் சட்டை போதும். தாய்மாவுக்குப் போதாதாம், விளக்கை மட்டும் எரியவிட்டு ஓவனுக்குள் படுக்கவைக்க வேண்டுமாம்.

"உள்ள ஆள் படுத்திருக்குன்னு நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்? கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம்ல?" என்றாள் மார்ஜரி.

தங்கம் தோண்ட வந்த கொள்ளுத்தாத்தா கொண்டுவந்த மாவு, வயது நூற்றைம்பது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார் அலிஸ்டர். அதை நம்பித்தான் சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் ரொட்டி வகுப்பு. மெல்பர்னிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அகஸ்டா இல்லையென்றால் அவர் பல் பிடுங்குவதை நிறுத்திவிட்ட ஒரு கிழவர், அவ்வளவுதான். அதை நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

ஆனால் கேட்காதவர்களுக்கும் அகஸ்டாவைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்த கை அது. திரும்பக் கேட்கக் கிளம்பினார். பக்கத்து வீட்டில், "நாங்க ஊருக்குப் போயிருந்தப்ப தவறிடுச்சு" என்று துக்கச் செய்தி சொன்னார்கள். எதிர் வீட்டில், மூடியைத் திறக்கவே பயமாக இருப்பதாகச் சொன்னார்கள். தெருக்கோடி லோர்னாவின் சமையலறையில் மட்டும் ஒரு ஜாடி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

"என் அகஸ்டா!"

"உங்க அகஸ்டா போன வருஷமே குப்பைக்குப் போயாச்சு, டாக்டரே. இது நானா கரைச்சு வச்சது. மாவும் குழாய்த் தண்ணியும்தான். போன வசந்தத்துல பொறந்துச்சு. வேணும்னா எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை அதில் சுட்ட ரொட்டியைக் கூடத்தில் துண்டு போட்டுக் கொடுத்தார், அகஸ்டா என்றே சொல்லி. தாடிக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "சுரங்கத்து மண்வாசம் வருதுங்க" என்றார். சிவப்புத் தொப்பிக்காரி, "எத்தனை தலைமுறைச் சோகம்!" என்று உருகிவிட்டு, கடைசி வரிசையில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த லோர்னாவிடம் திரும்பினாள். "உங்க நாக்குக்கு அது தெரியுதா?"

லோர்னா மென்றபடியே அலிஸ்டரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அகஸ்டா செத்துப்போச்சுங்க," என்றார் அலிஸ்டர். "இது லோர்னாவோட மாவு. ஒரு வயசுகூட ஆகல."

தாடிக்காரர் துண்டைத் தட்டில் வைத்தார். "அதானே பாத்தேன். ஆழம் பத்தலையேன்னு."

"ஆமாமா, ஏதோ குறையுது," என்றாள் தொப்பிக்காரி.

அலிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பதானேய்யா கண்ணை மூடி ரசிச்சீங்க? வாயில இருக்கிறது நாக்கா, தோலா? இந்த மாதிரி ரொட்டி என் ஜென்மத்துல நான் சுட்டதில்ல!"

லோர்னா விரலில் இருந்த வெண்ணெயைத் துடைத்தாள்.

"விடுங்க டாக்டரே. போன மாசம் என் வீட்டுல இதே ரொட்டியைக் கடை ரொட்டின்னு நெனச்சுத் தின்னுட்டு, நீங்களும் ஆழம் பத்தலன்னுதான் சொன்னீங்க."