அறுத்த ஒரு மணி நேரத்துக்குள்

மாடு விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் அதன் மூளை ஐஸில் இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் ஆய்வுக்கூடத்தில் அதற்குக் குப்பைத்தொட்டிதான் கதி. அதனால்தான் அத்தான் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டாலும், வாரம் ஒருமுறை ஸ்டீல் வாளியோடு அவருடைய அறுப்புக்கூடத்துக்கு வந்து நின்றாள் தங்கை.

அக்கா அங்கேதான் மாட்டுத் தலைகளைக் கழுவுவாள். இன்று அவளுடைய இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. மூன்று முறை தங்கை அவளை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அம்மா திருப்பி அனுப்பிவிடுவாள். அந்தக் கை அணைத்ததை இதுவரை எவரும் கண்டதில்லை.

"இந்த மூளைய வச்சு என்னடி பண்றே?" என்றாள் அக்கா, வாளியை நிரப்பிக்கொண்டே.

"இதுக்குள்ள ரெண்டு கால் வச்ச குட்டிப் புரதம் ஒண்ணு இருக்குக்கா. நரம்புக்குள்ள ஒரு இழைமேல நடந்தே மூட்டை சுமக்கும். தன்னவிடப் பெரிய மூட்டை."

"பின்னாலேர்ந்து புடிச்சு இழுத்தா?"

"அதத்தான் அளக்குறோம். ஓரளவுக்குத் தாங்கி நிக்கும். அதுக்கும் மேல இழுத்தா இழைய விட்டுடும்."

"விட்டுடுமா?" அக்காவின் கை நின்றது.

"வேலை நேரத்துல என்னடி அரட்டை?" பின்னால் வந்த அத்தான் அக்காவின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். சுவர் சிவந்தது. தங்கை வாளியைச் சுழற்றி அவர் தாடையில் இறக்கினாள். ஐஸும் மூளையும் தரையெங்கும் சிதறின. பாழாய்ப்போன மனுஷன் விழுந்தாரா? பல்லைத் துப்பிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

"எங்க வீட்டு விஷயத்துல நீ யாருடி?"

தடுத்த தங்கையின் கை முழங்கைவரை கிழிந்தது. தங்கை குளிரறைக்குள் ஓடிக் கதவை இழுத்தாள். இடுக்கு வழியே கத்தியோடு அவர் கை உள்ளே வந்தது. அப்போது வெளியிலிருந்து அக்கா தன் முழு உடம்பையும் அந்த இரும்புக் கதவின்மேல் எறிந்தாள். எலும்பு முறிந்த சத்தம் தங்கைக்குத் தெளிவாகக் கேட்டது. கத்தி அவள் காலடியில் விழுந்தது.

"விடுடி! உன் புருஷன்டி நான்!"

அக்கா இன்னொரு முறை மோதினாள்.

தங்கை வெளியே வந்தபோது அவர் தரையில் உருண்டுகொண்டிருந்தார். அக்கா மூக்கில் ரத்தம் வழிய, ரப்பர் ஏப்ரனைக் கழற்றி அவர் பக்கத்தில் எறிந்தாள். தங்கையின் கையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பிறகு குனிந்து இரண்டு மூளைகளைப் பொறுக்கி, அலசி, மிஞ்சிய ஐஸில் வைத்தாள்.

"அம்மா வீட்டுக்கா, அக்கா?" என்றாள் தங்கை.

"எதுக்கு, மறுபடி அனுப்பிவைக்கவா? ரெண்டு தேறும். ஒரு மணி நேரம்னியே, உன் லேபுக்கு நட."