இடி டீச்சரின் வழக்கு

பிள்ளைகள் தலைமையாசிரியைக்கு வைத்திருந்த பெயர் இடி டீச்சர். அவர் ஒன்றாம் வகுப்பில் வாய்பாடு சொன்னால் ஐந்தாம் வகுப்பு எழுதிக்கொள்ளும். சபை நடத்திய அந்தச் சின்னப் பள்ளிக்குப் பதினெட்டு வருஷம் உழைத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆராதனையில் இருந்தபோது பள்ளி பற்றி எரிந்தது. நாலு வகுப்பறையில் சுவர்கூட மிஞ்சவில்லை.

யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மரக்கடை முதலாளி அந்த இடத்தைக் கேட்டு மூன்று முறை வந்திருந்தார்; மூன்று முறையும் டீச்சர் முகத்திலடித்தாற்போல் அனுப்பிவிட்டார். ஆனால் சாட்சி சொல்ல ஆளில்லை.

மறுநாளே ஆலயத்தின் தரையில் வகுப்பு தொடங்கியது. சபைக் கமிட்டியார் பள்ளியை மூடிவிடலாம் என்றார்கள்.

"கட்டடம்தான எரிஞ்சுது? நான் எரியலையே!" என்றார் டீச்சர்.

வெளியே அந்தத் தைரியம். உள்ளே உலை கொதித்தது. முழங்காலிட்டால் ஒரே விண்ணப்பம்தான்: அவன் வாழ்வு மண்ணாய்ப் போகட்டும்.

போதகரான தம்பியின் காதில் அது விழுந்துவிட்டது. "அக்கா, இது ஜெபமா, சாபமா? மன்னிச்சிடுக்கா."

"ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றியாடா? மனசுல இருக்கறதைத்தான் சொல்றேன்."

மூன்றாம் வாரம், மதிய இடைவேளையில், மரக்கடை லாரி டிரைவர் வந்து நின்றார். தாயில்லாத அவர் மகள் இங்கே இரண்டாம் வகுப்பு படித்தாள்.

"டீச்சர், நான்தான் பத்த வச்சேன். முதலாளி சொன்னாரு. பாப்பா தன் நோட்டெல்லாம் எரிஞ்சிடுச்சுன்னு தினம் அழுவுது. என்னால தாங்க முடியல. மன்னிச்சிடுங்க."

டீச்சர் அடிக்கக் கையை ஓங்கினார். எப்படியோ கீழே இறக்கினார்.

"மன்னிப்பை ஆண்டவர்கிட்ட கேளு. எங்கிட்ட சொன்னதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

"என்னை உள்ள போட்டுடுவாங்களே. பாப்பா?"

"அவளை நான் வளர்க்கறேன். உன் முதலாளி வெளிய நடமாடக் கூடாது."

டிரைவர், தன் மகள் விளையாடும் பக்கம் வெகுநேரம் பார்த்தார். பிறகு நடந்தார். வழியில் அவர் மனம் மாறிவிடக் கூடாதென்று டீச்சர் நிழல்போல் பின்னாலேயே போனார்.

முதலாளிக்கு ஐந்து வருஷம், டிரைவருக்கு ஒரு வருஷம் தண்டனை. தீர்ப்பன்று டீச்சர் நீதிமன்றத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே முதலாளியின் மனைவி காலில் விழுந்தாள்.

"எழுந்திரும்மா. அன்னைக்கு என் பிள்ளைங்க உள்ள இருந்திருந்தா நான் யார் கால்ல விழுந்திருப்பேன்?"

டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

டிரைவரின் மகள் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். போட்டதைச் சாப்பிட்டாள், தலை வாரினால் பல்லைக் கடித்து நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. புதுக் கட்டடம் ஜன்னல் உயரத்துக்கு எழும்பிய சமயம், ஒரு காலை ஜெபத்தில் தானாகவே எழுந்தாள்.

"டீச்சர், எங்கப்பாவுக்காக ஜெபிக்கலாமா?"

"தாராளமா."

"முதலாளிக்கும்?"

எல்லாப் பிள்ளைகளும் டீச்சர் முகத்தையே பார்த்தார்கள். இடி டீச்சரின் குரல் அன்று கடைசி வரிசைக்கு எட்டவில்லை.

"நீ ஜெபி கண்ணு. எனக்கு இன்னும் நாளாகும்."