மூன்றாவது சலவை

அந்தச் சட்டையை மூன்று முறை துவைத்தால், அதில் அழுதுகொண்டிருக்கும் பெண், படத்தை வரைந்தவளின் தங்கையாக மாறிவிடுவாள். முதல் சலவையில் கீழுதட்டுக்கு அடியில் மச்சம் வரும். இரண்டாவதில் சுருட்டை முடி நேராகும். மூன்றாவதில் எடுப்பான மூக்கு சற்றே சப்பையாகி, முகம் அச்சு அசலாக அமைந்துவிடும். சோப்பு எதுவானாலும், கையால் கசக்கினாலும், மெஷினில் போட்டாலும் இந்த வரிசை மாறியதில்லை. சாயம் போகாததால் வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

வரைந்தவள் பத்து ஆண்டுகளாகப் பாட்டுக் குழுக்களின் ஆல்பங்களுக்கு அட்டைப்படமும், இளவட்டங்கள் முட்டிவரை தொங்கவிட்டுக்கொள்ளும் தொளதொளச் சட்டைகளுக்கு ஓவியமும் போட்டுத் தருகிறவள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய முகத்தையாவது பார்த்து வரைந்தால் மூன்று இடத்தில் மாற்றிவிட வேண்டும். மாற்றிவிட்டால் அந்த முகம் யாருக்கும் சொந்தமில்லை. கேள்வி கேட்க ஆள் வராது. இப்படி அவள் பேருந்து நடத்துநரை வரைந்திருக்கிறாள், தன் பல் மருத்துவரை வரைந்திருக்கிறாள். பல் மருத்துவரின் மகன் அப்பாவின் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தங்கையை அவள் வரைய நினைத்ததில்லை. ஒரு பிற்பகல் தங்கை வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். கணவன் இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்றாள். "அம்மாகிட்டகூடச் சொல்லாதக்கா, வெட்கமா இருக்கு" என்றவள், பிறகு ஒன்றரை மணி நேரம் அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வலது கை, தரையில் கிடந்த ஒரு தபால் உறையின் பின்புறத்தில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தது. கை தன்பாட்டுக்குச் செய்தது என்றுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தங்கை கண்ணை மூடி அழுததால் பார்க்கவில்லை.

அந்த மாதம் ஒரு பாடகன், தன் ஆல்பத்துக்கு அவள் கொடுத்த பதினொரு படங்களையும் திருப்பியனுப்பினான். எல்லாம் அழகாக இருக்கிறது, எதுவும் வலிக்கவில்லை என்பது அவன் குறை. பன்னிரண்டாவதாக அவள் அந்தத் தபால் உறையை எடுத்தாள். மச்சத்தை அழித்தாள், முடியைச் சுருட்டினாள், மூக்கை எடுப்பாக்கினாள். பாடகன் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பாட்டைவிட அட்டை பிரபலமானது. சட்டைக் கம்பெனி முதலாளி, சாப்பிடும்போதும் தொப்பியைக் கழற்றாததால் தொப்பிக்காரர் என்று பெயர் வாங்கியவர், அதை நெஞ்சு முழுக்க அச்சடித்து விற்றார். வாங்கியவர்கள் துவைத்தார்கள்.

"என்ன மை போடச் சொன்னீங்க? துவைக்கத் துவைக்க மூஞ்சி மாறுதாமே, பசங்க பைத்தியமா அலையறாங்க!" என்று தொப்பிக்காரர் ஃபோனில் குதித்தார். அச்சுக்காரர், எப்பவும் போடுற மைதாங்க என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தார். அவள், அந்தப் படம் போதும், வேறு தருகிறேன் என்று சிங்கம் ஒன்றை வரைந்து கொடுத்தாள். முதல் சலவையில் சிங்கத்துக்குப் பிடரி படிந்தது. மூன்றாவதில் அது தங்கையாகி அழுதது. மண்டையோடு கொடுத்தாள், பாம்பு கொடுத்தாள், தீப்பிடித்த கார் கொடுத்தாள். எல்லாம் மூன்று சலவைதான் தாங்கின. தொப்பிக்காரர் சட்டைக் கழுத்தில் ஒரு சீட்டுத் தைத்தார்: 'மூன்று முறை துவைத்த பின்பே படம் முழுமை பெறும்.'

தங்கை மருந்துக்கடையில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். எதிரே நிற்பவர்களின் நெஞ்சுதான் அவள் கண்ணுக்கு நேரே இருக்கும். தான் சொல்வதற்கு முன்னால் எவனாவது ஒருவன் அந்தச் சட்டையோடு இருமல் மருந்து கேட்டுக்கொண்டு வந்து நின்றுவிடுவானே என்று அக்கா தினமும் காலையில் கிளம்பினாள். தெருமுனையில் ஒரு சட்டையைப் பார்த்ததும் திரும்பிவிடுவாள். பயம் என்று சொல்ல முடியாது. பயத்துக்குக் கால் நடுங்கும். இவளுக்கு முகம் சுட்டது. இதற்கிடையில் அம்மா ஃபோன் செய்தாள்.

"ஏண்டி, பஸ்ஸுல ஒருத்தன் சட்டையில நம்ம சின்னவ அழுதுட்டிருக்கா?"

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கம்மா."

"ஏழு பேருக்கும் மச்சம் அதே இடத்துலயா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையே வந்தாள். கையில் மடித்த சட்டை. மேசைமேல் விரித்தாள்.

"மூணு தடவையும் நானே துவைச்சேன்" என்றாள். "வரைஞ்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லக்கா. உன் கைக்கு வேற வேலை தெரியாது. ஆனா அன்னிக்கு நான் அழுது முடிச்சிட்டேன். மூக்கைச் சிந்திட்டு எந்திரிக்கப் போனேன். நீ, 'அப்புறம் என்ன சொன்னான்'னு கேட்ட. நான் மறுபடி ஆரம்பிச்சேன். எதுக்குக் கேட்ட?"

அக்காவிடம் பதில் இருந்தது. இத்தனை நாளும் தனக்கே சொல்லிக்கொள்ளாத பதில். அப்போது படத்தில் கீழுதடு கோணும் இடத்தில் இன்னும் ஒரு கோடு பாக்கி இருந்தது; அழுகை நின்றால் அந்தக் கோடு கிடைக்காது.

"உதடு முடியல" என்றாள்.

தங்கை சட்டையிலிருந்த உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் வந்திருக்கு" என்று சொல்லி எழுந்து போனாள். சட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவுமில்லை.

அம்மாவிடம் நடந்ததைத் தங்கை தானே சொன்னாள். மருந்துக்கடையில் யாராவது சட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தால், "ஆமா, நான்தான். புருஷன் விட்டுட்டுப் போன அன்னிக்கு. உங்களுக்கு என்ன மருந்து?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அப்படிப் பார்ப்பவர்கள் ஓய்ந்தார்கள். பழைய சட்டைகள் கிழிந்து வண்டி துடைக்கும் துணியாயின. துணியிலும் முகம் அழுதது. அக்கா வரைவதை விடவில்லை. விட்டுவிடுவதுதான் மானமுள்ளவள் செய்வது என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள், நினைத்துக்கொண்டே பென்சிலைச் சீவினாள். எதை வரைந்தாலும் கடைசியில் தங்கைதான் என்பதால், சலவைக்கு முன்னால் என்ன படம் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அவளிடம் சொன்னார்கள்.

நான்காம் ஆண்டு, தலைவலி தாங்காமல் அவள் அந்த மருந்துக்கடைக்கே போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு நெஞ்சிலும் பின்னால் மூன்று நெஞ்சிலும் தங்கை அழுதுகொண்டிருந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்தது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை நறுக்கிக் கொடுத்தாள்.

"வெறும் வயித்துல போடக் கூடாது."

அதை அவள் எல்லோரிடமும்தான் சொல்வாள். அக்கா மண்டை பிளக்க வீட்டுக்கு நடந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, உலை கொதித்துச் சோறு வேகும்வரை நின்று, தட்டில் போட்டு, உட்கார்ந்து, கடைசிக் கவளம்வரை சாப்பிட்டு முடித்த பிறகுதான் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.