கிரகணத்தன்னிக்குச் சேத்த படம்

எண்பதாம் வருசம் மாசி மாசம் சூரிய கிரகணம் புடிச்சப்ப நான் ஆறு மாசம் முழுகாம இருந்தேன். முழுகாம இருக்கிறவ கிரகணத்துல வெளிய வரக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது. மொதப் புள்ளய மூணாம் நாளே மண்ணுக்குக் குடுத்தவ நான். இதாவது தங்கணுமேன்னு மாமியார் பெரியம்மாள் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டேன்.

எங்க வூட்டுக்காரு அர்ச்சுனன் இருக்காரே, அவருக்குக் காவலூர்ல டெலஸ்கோப் இருக்கிற எடத்துல வேல. "நெழலு விழறதுக்கு இன்னாத்துக்குடி கதவ சாத்துற?"ன்னு சிரிப்பாரு. சிரிச்ச மனுசனே அன்னிக்கு எனக்குப் பொழுது போகட்டும்னு ஒரு அட்டைப்பொட்டி கொண்டாந்தாரு. அங்க வேல பாத்துட்டு ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளக்காரர் ஒருத்தர் குடுத்ததாம். உள்ள ஒரு படத்த வெட்டுன எரநூறு துண்டு. சரியா சேத்தா அந்தப் பழங்காலத்துப் படம் வருமாம்.

"வெட்டுனத கிரகணத்தன்னிக்குத் தொடலாமாடா?"ன்னு மாமியார் குதிச்சாங்க.

"வெட்டுனவன் எவனோ. இவ சேக்கத்தானம்மா போறா?"

மாமியார் பொட்டிய என் பக்கம் தள்ளி வச்சாங்க.

டெலஸ்கோப்புல கிரகணம் பாக்க அவரையும் ஒரு தடவ விடறேன்னு ஆபீசர் சொல்லியிருந்தாரு. ஆறு மாசமா வூட்ல அதே பேச்சுதான். காலைலயே கெளம்பிப் போய்ட்டாரு. மதியானம் கதவ சாத்திட்டு, வெளக்கு ஏத்தி வச்சு, நான் துண்டு துண்டா சேத்துக்கினு இருந்தேன். ஒரு பக்கம் கையில கொழா வச்ச தாடிக்காரன். எதிர்ல செவப்புக் குல்லா போட்ட சாமியாருங்க.

கிரகணம் புடிக்கிற நேரத்துக்குக் கதவத் தட்டுனாரு எங்க வூட்டுக்காரு.

"இன்னாய்யா, பாக்கலியா?"

"தள்ளி உக்காரு"ன்னு பக்கத்துல உக்காந்து துண்டு தேட ஆரம்பிச்சாரு. "பூமிதான் சுத்துதுன்னான் இந்தத் தாடிக்காரன். சாமியாருங்களுக்குக் கோவம் வந்து, சாவுற வரைக்கும் வூட்டுக்குள்ளயே அடைச்சு வச்சிட்டாங்க."

"அய்ய, அவனும் முழுகாம இருந்தானா?"

மாமியாரே சிரிச்சிட்டாங்க.

அப்பதான் பாத்தேன். கூரை ஓட்டைங்க வழியா எப்பவும் வட்ட வட்டமா விழற வெளிச்சம், மூணாம் பெற மாதிரி வளைஞ்சு படத்து மேல, தரை மேல, என் வயித்து மேல விழுந்துச்சு. "அய்யோ, கிரகணம் உள்ள வந்துடுச்சு!"ன்னு அலறிட்டேன்.

"அது சூரியன்தான்டி. ஒண்ணும் பண்ணாது."

சொல்லிக்கினே தோள்ல கெடந்த துண்ட எடுத்து என் வயித்த மூடுனாரு. அது மேல ரெண்டு கையையும் வச்சாரு.

"நீதான் இதெல்லாம் நம்ப மாட்டியே?"

"இப்பவும் நம்பல."

சொன்னவரு துண்ட இன்னும் நல்லா இழுத்து மூடுனாரு. போன புள்ளய நெனச்சு நான் ஒருத்திதான் பயந்துக்கினு கெடக்குறேன்னு இத்தினி நாளா அந்த மனுசன் மேல கோவமா இருந்தேன். பாவி நான். கிரகணம் விடுற வரைக்கும் அவரு கைய எடுக்கவே இல்ல.