எட்டு மணிக்கு நிலா

இது நடந்தது மழை மாதத்திலா பனி மாதத்திலா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தவர்கள் ஏழு பேர் என்று ஒரு நினைவு, ஒன்பது என்று இன்னொரு நினைவு. பேசிய பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

மாத்திரைகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பெனி அது. லேபிள் ஒட்டுகிறவளை எல்லோரும் லேபிள்காரி என்றே கூப்பிட்டார்கள். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் இவளுக்கு" என்பாள், பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் பெரியக்கா.

அந்த வாரம், வேலை முடிந்து போகிற வழியில், விளக்கில்லாத குடோன் தெருவில் பெரியக்காவின் பின்னால் ஒருவன் பைக்கில் வந்தான். ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடித்தான் அவள் வீடு சேர்ந்தாள். செய்தி எல்லார் வீட்டுக்கும் எட்டியது. லேபிள்காரியின் கணவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "கம்பெனி வண்டி விடட்டும். இல்லன்னா இந்த மாசத்தோட நின்னுக்க."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தன் வேலை தன்னைக் கேட்காமலே முடிந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் எல்லோரும் மேனேஜரிடம் போனார்கள். அவர் ஹால் சுவரில் இருந்த ஆங்கில நோட்டீஸைக் காட்டினார்.

"நைட் ஷிப்ட் லேடீஸுக்குத்தாம்மா வண்டி. உங்களுது ஈவினிங் ஷிப்ட். எட்டு மணி ஈவினிங்தான். இங்கிலீஷ்ல நைட்டுன்னா பத்து மணிக்கு மேல."

"வெளிய கும்மிருட்டா இருக்கே சார்."

"இருட்டு வேற, நைட் வேற."

"என் பின்னாடி வந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியல சார்," என்றாள் பெரியக்கா.

சிரிப்பு எழுந்து அடங்கியது. லேபிள்காரி மட்டும் நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'நைட்டு சாப்பாடு ஆச்சா' என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பது எட்டு மணிக்குத்தான். இத்தனை பேர் இத்தனை வருஷம் புழங்கிய சொல். அது எப்போது தொடங்கும் என்று சொல்கிற உரிமை மட்டும் நோட்டீஸ் அடித்தவனிடமே இருந்தது.

அன்று எட்டுக்கு மணி அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று பெரியக்கா கேட்டாள். லேபிள்காரி அவள் காதில் சொன்னாள். பெரியக்காவும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும்.

மேனேஜர் சாவிக்கொத்தோடு வந்தார். "என்னம்மா, கிளம்பலயா?"

"பத்து மணிக்குக் கிளம்புறோம் சார்," என்றாள் லேபிள்காரி. "அப்பத்தான நைட்டு?"

"விளையாடுறீங்களா? நான் ஹாலப் பூட்டணும்."

"பூட்டிக்குங்க சார். நாங்க உள்ள இருக்கோம்," என்றாள் பெரியக்கா. கூட வந்த வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினார்.

நெடுநேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. வளர்ந்ததெல்லாம் மௌனத்தில் என்பதால் லேபிள்காரிக்கு அது பாரமாக இல்லை. மேனேஜருக்குத்தான் தாங்கவில்லை.

"எட்டு மணிய நைட்டுன்னு எவன் சொன்னான்?"

அவள் சுருளிலிருந்து ஒரு லேபிளைக் கிழித்தாள். அதில் மூன்று படங்கள்: உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா. நிலாவின் கீழே ஆங்கிலத்தில் நைட், பக்கத்தில் எட்டு மணி.

"நம்ம கம்பெனிதான் சார் சொல்லுது. தினமும் ரெண்டாயிரம் ஒட்டுறேன்."

"அது மாத்திரைக்கும்மா."

"மாத்திரைக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இருக்கக் கூடாதா?"

எழுந்து போய், நோட்டீஸில் அவர்கள் ஷிப்ட் இருந்த வரியின் மேல் லேபிளை ஒட்டினாள். விரலால் அழுத்தி நீவிவிட்டாள். லேபிளில் ஒரு சுருக்கம் விழவில்லை.

பத்து மணிக்கு நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிய வண்டியில் ஏறிக்கொண்டார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. தினமும் பத்து மணிவரை கூடவே உட்கார்ந்திருந்த மேனேஜர் நாலாம் நாள் மேலிடத்துக்குப் போன் போட்டார். அன்று எட்டு மணிக்கே வண்டி வாசலில் நின்றது.

மேனேஜர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். பெரியக்கா மூட்டு வலியால் இரண்டு வருஷத்தில் வேலையை விட்டாள். வாட்ச்மேன் இறந்துவிட்டார். லேபிள்காரியை லேபிளிலிருந்து எடுத்துப் பெட்டி தூக்கும் பிரிவில் போட்டார்கள். அவள் வேலையை விடவில்லை. பதினோரு வருஷம் தூக்கினாள், தினமும் வண்டியில்தான் வீட்டுக்குப் போனாள்.