நாலு கண் சாட்சி

பார்ஸிகளான நாங்கள் இறந்தவர் உடலைக் கழுகுகளுக்காக வைக்கிற எங்கள் ஊர் மௌனக் கோபுரத்தில் நான் நாய்க்காரன். எங்கள் சமூகச் சபையான அஞ்சுமனின் பதிவேட்டில் 'பராமரிப்பாளர்' என்று கௌரவமாக எழுதியிருக்கிறார்கள். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பெயர் தெஹ்முல். உடம்பு பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. என் மனைவி பானுவைக் கேட்டால், எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஜீவன் மோத்திதான், நான் அதற்குத் துணைக்குப் போகிறேன் என்பாள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. மோத்திக்கு இரண்டு கண்களுக்கு மேலே பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள். நாலு கண் நாய். இறந்தவர் முகத்தை அது ஒரு தடவை பார்த்த பிறகுதான் உடலைத் தூக்குவோம். நசு என்கிற பிணப்பேய் வடக்கிலிருந்து ஈயாகப் பறந்து வந்து உடல்மேல் உட்காருமாம். நாயின் பார்வை பட்டால் ஓடிவிடுமாம். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அந்த ஈயை நான் அடையாளம் கண்டதில்லை. மன்சேர்ஜி இறந்த அன்றுதான் கண்டேன். கையில் பைலோடு வந்தது.

மன்சேர்ஜி பேக்கரிக்காரர். அவருடைய பத்தாஸா பிஸ்கட் விழாத டீ எங்கள் ஊரில் கிடையாது. ஒரே மகள் மெஹ்ரூ. தேசாய் வீட்டு ஜயந்தைக் கட்டிக்கொண்டாள். அவன் கணக்கு வாத்தியார், சிவன் கோயிலுக்குப் போகிறவன், சாது. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் மெஹ்ரூ உள்ளே போடுகிற வெள்ளை சுத்ரேயை விடவில்லை, இடுப்பில் கட்டுகிற குஸ்தி நூலையும் விடவில்லை. தினமும் அவிழ்த்து, ஜெபம் சொல்லி, மறுபடி முடிச்சுப் போடுவாள். நான் குளிக்கிற நாட்களில் மட்டும் அதைச் செய்கிறவன். ஆனால் அஞ்சுமன் தீர்மானப்படி நான் பார்ஸி, அவள் இல்லை.

அஞ்சுமன் செயலாளர் ரத்தன்ஷாவின் மகன் கனடாவில் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருக்கிறான். அவன் பார்ஸிதான். அவன் பிள்ளைகளும் பார்ஸிதான். பையன் வெளியே கட்டினால் ரத்தம் கெடாது, பெண் கட்டினால் கெட்டுவிடும். இதை எந்த டாக்டர் கண்டுபிடித்தார் என்று நான் ஒருமுறை கேட்டேன். நாயைப் பார்த்துக்கொள் என்றார்கள்.

கடைசி மூன்று வருடம் மன்சேர்ஜி படுக்கையில் கிடந்தார். ஊட்டிவிட்டது, குளிப்பாட்டியது, மருந்து கொடுத்தது எல்லாம் மெஹ்ரூ. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி ஓரங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் கோபுர வளாகத்தின் வாசல்வரை வருவாள். வாசலில் பலகை இருக்கிறது: பார்ஸி அல்லாதவர் இதற்கு மேல் வரக் கூடாது. அவள் பலகையோடு சண்டை போட்டதில்லை. அங்கேயே நின்று "மோத்தியா" என்று கூப்பிடுவாள். நான் மூன்று முறை கத்தினாலும் எழுந்திருக்காத நாய், அந்தக் குரலுக்குக் காது மடக்கி ஓடும்.

அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போனார், ஆஸ்பத்திரியில், விடிந்த கையோடு. இறந்தவருக்குப் புதுத்துணி கூடாது; பழைய, துவைத்த சுத்ரேதான் போடவேண்டும். மெஹ்ரூ முந்தின ராத்திரி அவர் தூங்கிய பிறகு வீட்டுக்குப் போயிருந்தாள்; சேதி வந்ததும் அவருடையதைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் கட்டில் காலி; உடலை அதற்குள் கோபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நேராக இங்கே வந்தாள். உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ரத்தன்ஷா.

"துணியக் குடும்மா," என்றார். "நீ போய் அந்த வேப்பமரத்தடியில உக்காரு. மத்தவங்களுக்கு அங்கதான் பெஞ்சு போட்டிருக்கு."

"ஒரே ஒரு தடவ முகத்தப் பாத்துட்டு வந்துடறேன், காகா. நான் கிளம்பும்போது தூங்கிட்டு இருந்தார். எழுப்பாம வந்துட்டேன்."

அவர் பைலைத் திறந்தார். பதினாலாம் தீர்மானம்: வெளியே கட்டிய பெண் உள்ளே வரக் கூடாது. தனக்கு அவள்மேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை என்றார், விதி என்றால் விதி என்றார், அவர் குரலில் வெண்ணெய் வழிந்தது. பிணம் தின்னும் கழுகுகள் எங்கள் கோபுரத்தை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது. வட்டமடிக்க இவர்தான் மிச்சம்.

மெஹ்ரூ துணிப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இன்னும் இளஞ்சூடாக இருந்தது அந்தப் பொட்டலம். அவள் தைத்த துணி உள்ளே போகலாம். அவள் துவைத்த துணி அவர் மார்பில் கிடக்கலாம். அவள் போகக் கூடாது.

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். அன்று பசிக்கவில்லை. அதனால்தான் பயந்துபோனேன்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்லியாக வேண்டும். நாய் தானாக எந்த முகத்தையும் பக்தியோடு பார்க்காது. அதைப் பட்டினி போட்டு, இறந்தவர் தலைமாட்டில் ரொட்டித் துண்டை நீட்டுவேன். ரொட்டியைப் பார்க்கிற சாக்கில் முகத்தையும் பார்த்துவிடும். ஊர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

வளாகத்துக்குள்ளேயே இருக்கிற எங்கள் வீட்டில் ஞாயிறென்றால் தன்ஸாக், பருப்போடு ஆட்டுக்கறி வேகிற குழம்பு. சட்டியிலிருந்த ஆட்டுக்கறி அத்தனையும் மோத்தியின் தட்டில் போட்டேன். எனக்கென்று பருப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையின் ஒரே தியாகம் அது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த பானு, எனக்கு ஜுரமா என்று கேட்டாள்.

நாலு மணிக்கு ஜெபம் முடிந்தது. எல்லோரும் வணங்கி விலகினார்கள். முகத்தை மூடும் முன் கடைசியாக நாய். மோத்தி வாசற்படிவரை வந்தது, கொட்டாவி விட்டது, நாலு கண்ணையும் மூடிப் படுத்துக்கொண்டது. ரொட்டியை ஆட்டினேன். வால்கூட அசையவில்லை.

"என்னய்யா தெஹ்முல், உன் நாய்க்கு என்ன கேடு?" என்றார் ரத்தன்ஷா.

"துக்கம் சார். அவர் ரொட்டியத் தின்னு வளந்தது."

வேறு நாய் இல்லையா என்றார். நவ்சாரியில் இருக்கிறது, போய் வர இரண்டரை மணி நேரம் என்றேன். சூரியன் இறங்கிவிட்டால் உடலைக் கோபுரத்தில் வைக்க முடியாது. கழுத்தைப் பிடித்து இழுத்து வாய்யா என்றார். அப்போது தஸ்தூர்ஜி, எங்கள் குரு, முகத்தை மறைத்த வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து, நாயைப் பலவந்தப்படுத்தக் கூடாது என்றார். நாற்பது வருடமாகச் செயலாளர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனிதர் அவர்.

"ஒருத்தர் கூப்பிட்டா வரும்," என்றேன். "வேப்பமரத்தடியில உக்காந்திருக்காங்க."

"அவ பார்ஸி இல்ல."

இத்தனை வருடமாக என் பெரிய வாய் கிண்டலுக்குத்தான் பயன்பட்டது. அன்று கிண்டல் வரவில்லை.

"மோத்தியோட அம்மா ரயில்வே ஸ்டேஷன் பின்னாடி திரிஞ்சவ. அப்பன் யாருன்னு அவளுக்கே தெரியாது. இது பாத்தாத்தான் மன்சேர்ஜிக்கு வழி திறக்கும்ங்கறீங்க. இது எந்த ஜாதி, யாருக்குப் பொறந்ததுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? பெத்த பொண்ணுகிட்ட மட்டும் எதுக்கு சார் பைலத் திறக்கறீங்க?"

 உடல் தூக்குகிற சோராப், தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான். தஸ்தூர்ஜி ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார்.

"நேரமாகுது," என்றார். "நாயக் கூட்டிட்டு வரட்டும்."

"யாரு?" என்றார் ரத்தன்ஷா.

"நாயக் கூட்டிட்டு வர்றவங்க."

நான் போய்க் கூப்பிட்டேன். மெஹ்ரூ செருப்பைக் கழற்றினாள், தலையை மூடிக்கொண்டாள், குஸ்தி முடிச்சைத் தொட்டுச் சரிபார்த்தாள். "மோத்தியா, வா" என்றாள். தன்ஸாக் வயிறு தரையில் உரச அந்த நாய் எழுந்து அவள் பின்னால் போனது.

உடலிலிருந்து மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும். அவள் சரியாக மூன்றடியில் நின்றாள். ரத்தன்ஷாவின் மகன் போனமுறை வந்தபோது இதை நான் தோளைப் பிடித்துச் சொல்லவேண்டியிருந்தது. மெஹ்ரூ அப்பாவைப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை மோத்தியும் பார்த்தது. ரொட்டி இல்லாமல் அது ஒரு முகத்தைப் பார்த்து அன்றுதான் கண்டேன். ரத்தன்ஷா சுவர்ப்பக்கம் திரும்பி மின்விசிறி ஸ்விட்சை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவள் உதடு மட்டும் அசைய அஷெம் வோஹு ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"சோராப் பாய், கழுத்துகிட்ட துணி மடிஞ்சிருக்கு. பப்பாவுக்கு உறுத்தும். நேராக்கிடுங்க."

சோராப் நேராக்கினான். அவள் வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரமே பலகைக்குக் கீழே இன்னொரு பலகை வந்தது: நாயைப் பார்ஸிகள் மட்டுமே அழைத்து வரவேண்டும். எனக்கு ஒரு கடிதமும் வந்தது. அன்று நாய் கடமை தவறிய காரணத்தை எழுத்துமூலம் விளக்கச் சொல்லியிருந்தார்கள்.

நாய்க்குத் துக்கம் என்று ஒரு வரி எழுதினேன். கிழித்தேன். வயிற்றுக் கோளாறு என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். கடைசியில் உள்ளதை எழுதினேன்: 'நாய் மேல் தப்பில்லை. கறி போட்டது நான். இன்னொரு மகளை வெளியே உட்கார வைத்தால் மறுபடியும் போடுவேன்.'

பானு வாங்கிப் படித்தாள். வேலை போய்விடும் என்று அழுவாள் என நினைத்தேன். பேனாவைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"கறிய சமைச்சது நான்னு எழுதலியே," என்றாள். "அதையும் சேத்து எழுது."