பச்சைத் துணிக்கு அடியில் ஒரு தலையசைப்பு

பெரிய டாக்டர் தலையை அசைத்தால், அந்த அசைப்பு கீழே விழுவதற்குள் எவர்சில்வர் தட்டில் ஏந்திக்கொள்ள வேண்டும். பிறகு பச்சைத் துணியால் மூட வேண்டும். வெயில் பட்டால் அர்த்தம் மாறிவிடும். எங்கள் வார்டில் அது நர்ஸான என் வேலை. ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் வார்டில் வாய் திறந்து உத்தரவு சொல்வதில்லை. வாய் உயர்ந்த இடங்களில் பேசுவதற்கு. அவர் வரும்போது அவருடைய பட்டங்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் வரிசையாக நடந்து வரும். வெளிநாட்டில் வாங்கிய பட்டம் மட்டும் வெயில் தாங்காது. அதற்கு ஒருவர் குடை பிடிப்பார். பட்டங்கள் உட்கார்ந்த பிறகுதான் அவர் நோயாளியைப் பார்ப்பார்.

அன்று காலை ஜன்னலோரக் கட்டிலில் தவசியாண்டி படுத்திருந்தார். ஊர்க் குடிநீர்த் தொட்டியில் வால்வு திறந்துவிடுகிறவர். தெருத் தெருவாகத் தண்ணீர் விட்டே வயதானவர். முந்தின நாள் அவர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மட்டும் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

"தாயி, ஒரு மடக்குத் தண்ணி" என்றார்.

கட்டிலருகே அவர் மனைவி அங்கம்மாள் டம்ளரோடு நின்றாள். டம்ளரில் இருந்த தண்ணீர் அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அங்கம்மாள் டம்ளரைத் திருப்பிப் பிடித்தாள். தண்ணீர் மறுபடியும் அவர் பக்கமே சாய்ந்தது. பழகிய தண்ணீர்.

நான் பெரிய டாக்டரிடம் கேட்டேன்.

"சார், இவருக்குத் தண்ணி குடுக்கலாமா?"

பெரிய டாக்டர் தலையை அசைத்தார். ஏந்திக்கொண்டேன். பட்டங்கள் எழுந்தன. எல்லோரும் போய்விட்டார்கள்.

துணியை விலக்கிப் பார்த்தேன். அசைப்பு மேலும் கீழுமாக இல்லை. இடமும் வலமுமாகவும் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, திரும்பி வந்து, நடுவில் நின்றிருந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் சாப்பிடாதவர்கள் அசைப்பது இப்படித்தான்.

"குடுக்கவா தாயி?" என்றாள் அங்கம்மாள்.

"இருங்கம்மா. கேட்டுட்டு வந்துர்றேன்."

"இப்பத்தான கேட்டீக?"

"பதில் வந்திருச்சு. என்ன பதில்னு தெரியணும்."

வராந்தாவில் பயிற்சி டாக்டர் நவநீதன் ஸ்டெதஸ்கோப்பைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் காட்டினேன்.

"சார், இது ஆமாவா, இல்லையா?"

"பெரியவர் அசைச்சா அர்த்தம் இருக்கும் சிஸ்டர்."

"என்ன அர்த்தம்?"

"இருக்கும்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்."

"சொல்லலாம். ஆனா நான் இன்னும் டாக்டரா வந்து சேரலை." ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டினார். "நீங்களே பாருங்க. ஏதாவது கேக்குதா?"

ஒன்றும் கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன்.

எங்கள் வராந்தா அவசரமாகப் போகிறவர்களுக்கு நீளும். டீ குடிக்கப் போகிறவர்களுக்கு நீளாது. அன்று நீண்டுகொண்டே போனது. சுவரோரக் குழாய்கள் நான் கடக்கும்போது ஒவ்வொன்றாகத் தொண்டையைச் செருமின.

"அவருக்கு எப்படி இருக்கு?" என்றது ஒரு குழாய்.

"பாத்துக்கிட்டிருக்கோம்" என்றேன். உறவினர்களுக்குச் சொல்கிற பதில் அது.

வெளிநோயாளிகள் பகுதியின் வாசலில் கனகவல்லி சிஸ்டர் நின்றிருந்தார். ஒரே விஷயத்தைப் பெரிய டாக்டரிடம் இரண்டாவது முறை கேட்டவர். இப்போது எடை பார்க்கும் இயந்திரமாக இருக்கிறார். எடையைச் சரியாகத்தான் காட்டுகிறார். சம்பளம் வருகிறது. பதவி உயர்வு மட்டும் நின்றுவிட்டது.

தட்டை அவர் மேல் வைத்துக் காசு போட்டேன். விளக்குகள் சுற்றின. அட்டை விழுந்தது. முன்பக்கம் எடை: ஒன்றுமில்லை. பின்பக்கம் பலன்: 'கேட்காமலே கொடுத்திருக்கலாம்.'

படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். இயந்திரம் சொல்வதை உத்தரவாக எடுத்துக்கொள்ள விதி இல்லை.

அடுத்தது தலையசைப்புப் பிரிவு. அங்கிருந்த அதிகாரி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, பாகைமானியை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார்.

"கழுத்து எங்கம்மா?"

"டாக்டர்கிட்ட இருக்கு சார்."

"கழுத்து இல்லாம அசைப்பை மட்டும் கொண்டுவந்தா, நாங்க எதோட சேர்த்துப் பாக்கறது?"

"ஒருத்தர் தண்ணி கேட்டுக்கிட்டே இருக்காரு சார்."

"கேக்கறது அவர் உரிமை. அதுல நாங்க தலையிடறதில்ல."

கழுத்தைத் தேடி அரங்கத்துக்குப் போனேன். பெரிய டாக்டருக்குப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது. போர்த்திய பொன்னாடைகளில் அவர் மூக்கு வரை மறைந்திருந்தார். கழுத்து எங்கேயோ உள்ளே இருந்தது. மேடையேறித் தட்டை நீட்டினேன். மேடை உயர்ந்த இடம் என்பதால் அவர் வாய் திறந்தார்.

"என்னது இது?"

"காலையில நீங்க அசைச்சது சார்."

"அதுவா? காதுகிட்ட ஒரு ஈ வந்துச்சு."

அரங்கம் கைதட்டியது. வெளிநாட்டுப் பட்டம் அதை மொழிபெயர்த்துச் சொன்னது. மறுபடியும் கைதட்டினார்கள்.

துணியை விலக்கினேன். தட்டில் ஈ இருந்தது. முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் உத்தரவே இல்லை. மறுபடியும் கேட்டால் தீர்ந்தது. தண்ணி குடுக்கலாமா சார். அவ்வளவுதான் வாக்கியம். அது என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பட்டங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. என் விலா எலும்புகளுக்கு நடுவே காசு போடுகிற அளவுக்கு ஒரு பிளவு திறந்தது. அதன் வழியாகக் காற்று சில்லென்று உள்ளே போனது. என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"சரிங்க சார்" என்றேன்.

பிளவு மூடிக்கொண்டது. ஈ பறந்துபோய் ஒரு பொன்னாடையில் உட்கார்ந்தது.

திரும்பும்போது வராந்தா உடனே முடிந்துவிட்டது. கொஞ்சம் நீண்டிருக்கலாம். குழாய்கள் எதுவும் கேட்கவில்லை.

தவசியாண்டியின் உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைக்கப் போனேன். அதற்கு உத்தரவு தேவையில்லை. உதட்டைத் தொடுவதற்குள் பஞ்சு காய்ந்துவிட்டது. மறுபடி நனைத்தேன். மறுபடி காய்ந்தது.

அங்கம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். டம்ளரில் தண்ணீர் விளிம்புக்கு மேல் எட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாக தாயி? குடுக்கவா?"

அவரும் என்னைப் பார்த்தார்.

என் தலை அசைந்தது. ஒரு பக்கமாகச் சரிந்தது, திரும்பி வந்தது, நடுவில் நின்றது. ஈ எதுவும் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்தேன்.

அங்கம்மாள் டம்ளரைச் சட்டென்று ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, என் அசைப்பை முந்தானையில் ஏந்திக்கொண்டாள். குனிந்து பார்த்தாள்.

"இது என்ன தாயி?"

"அர்த்தம் இருக்கும்மா."

"யாரைப் போயிக் கேக்கணும்?"

வராந்தாவைக் காட்டினேன். அவள் வெயில் படாமல் முந்தானையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வராந்தா அவளுக்காக நீளத் தொடங்கியது.

"தாயி" என்றார் தவசியாண்டி. "ரெண்டாந்தெருவுக்கு இன்னைக்கு மொறை. யாராச்சும் வால்வைத் தெறந்து விட்டாகளா?"

"தெறந்துட்டாங்கய்யா. எல்லா வீட்டுக்கும் வந்திருச்சு."

"கடைசி வீட்டுக்கும்?"

"கடைசி வீட்டுக்கும்."

அவர் தலையை அசைத்தார். மேலும் கீழுமாக, நிதானமாக. அவ்வளவு தெளிவான ஒன்றை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. தட்டை எடுக்க எழுந்தேன். அதற்குள் அந்த அசைப்பு கீழே விழுந்துவிட்டது.

ஜன்னல் திண்டில் இருந்த டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது.

வராந்தாவின் கடைசியில், மிகச் சிறியதாக, அங்கம்மாள் ஒரு குழாயிடம் முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.